ஜெசிந்தா திகைத்து நின்ற கதை

வானொலிக்குப் புதிதாக வந்திருக்கிற பிள்ளைகளுக்குப் பயன்படுகிற மாதிரி ஏதாவது எழுதித் தாருங்கோ என்று நிலையப் பொறுப்பாளர் நிமலன் கேட்டபோது, முதலில் என்னுடைய சாதனைகளை நினைத்துப் பார்த்தேன். தேத்தண்ணி ஆறுவதற்கு முன்பே அந்த வேலை முடிந்துவிட்டது. பிறகு சங்கடப்பட்ட நாட்களை நினைத்துப் பார்த்தேன். இரண்டாவது தேத்தண்ணி போட வேண்டி வந்தது.

என்னைத் தெரியாதவர்களுக்கு: மொன்றியலில் இருந்து நீங்கள் இப்போது நடத்துகிற இதே இணைய வானொலியில் காலை நிகழ்ச்சி செய்துகொண்டிருந்த ஆள் நான்தான். உங்களில் சிலருடைய அம்மாமார் சமைக்கும்போது என் குரல் உங்கள் வீட்டுக்குள் வந்திருக்கும். அதற்கு இப்போதே மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். போன கோடையில் தொண்டையைப் பார்த்த மருத்துவர், ஆபத்து ஒன்றும் இல்லை, ஆனால் பேச்சைக் குறைக்க வேண்டும் என்றார். என் மனைவி அவருக்கு ஒரு பெட்டி மாம்பழம் கொண்டுபோய்க் கொடுத்தார். அப்படித்தான் ஐம்பத்தெட்டு வயதில் எனக்கு ஓய்வு கிடைத்தது.

ஒலி பதிவதும் வெட்டுவதும் ஒட்டுவதும் உங்களுக்கு என்னைவிட நன்றாக வரும். அதனால் அதையெல்லாம் விட்டுவிடுகிறேன். நான் சொல்லப் போவது ஒரே ஒரு விவாதத்தைப் பற்றி. நான் அங்கே இருந்தேன். இருந்தும் அங்கே என்ன நடந்தது என்று எனக்குத் தெரிய ஒரு கிழமைக்கு மேல் எடுத்தது.

இந்த நாட்டில் பாராளுமன்றத்துக்கான பெரிய தேர்தலுக்கு முன்னால் ஒரு சின்னத் தேர்தல் நடக்கும். ஒரு தொகுதியில் கட்சியின் பெயரில் யார் நிற்பது என்பதை அந்தத் தொகுதியில் இருக்கிற கட்சி உறுப்பினர்கள் கூடி வாக்களித்துத் தீர்மானிப்பார்கள். மொன்றியல் தீவின் மேற்குப் பக்கத்தில் ஒரு தொகுதி. எந்தக் கட்சி என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் உங்களில் பாதிப் பேர் வாசிப்பை இங்கேயே நிறுத்திவிடுவீர்கள். இரண்டு பேர் போட்டியிட்டார்கள். ஒருவர் மத்தியூ. வழக்கறிஞர், உயரமான ஆள், நல்ல சிரிப்பு, தலை நிறைய முடி. முடியைப் பற்றிச் சொல்வது பொறாமையில்தான். மற்றவர் ஜெசிந்தா. மன்னாரில் பிறந்து சின்ன வயதில் இங்கே வந்தவர். மருந்தாளர், அந்தத் தொகுதிக்குள் வருகிற இல்-பிசார் என்ற குட்டித் தீவில் வீடு. அவர் வென்றால் அந்தப் பக்கத்தில் ஒரு கட்சி நிறுத்துகிற முதல் தமிழாள் அவராகத்தான் இருப்பார். பத்து வருடமாகக் கட்சிக்காகக் கதவு தட்டியவர். இந்தத் தரம் விட்டால் அடுத்த தரம் என்று ஒன்று வருமா என்பது அவருக்கே தெரியாது.

வாக்களிப்புக்கு ஒரு கிழமைக்கு முன்னால், ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்த பிறகு, பங்குக் கோயில் மண்டபத்தில் இருவருக்கும் விவாதம் வைத்தார்கள். அரைவாசிக் கதிரைகளில் எங்கள் கத்தோலிக்கச் சனம். மீதியில் அந்தப் பக்கத்து எல்லாரும். முன்வரிசையில் வெறுமையாகக் கிடந்த ஒரு கதிரையில் என் ஒலிப்பதிவுக் கருவியை வைத்து, சிவப்பு வெளிச்சம் எரிகிறதா என்று பார்த்துவிட்டு, நான் பின்பக்கம் போனேன். அங்கே சிற்றுண்டி மேசையில் பற்றீஸும் றோல்ஸும் இருந்தன.

விவாதம் ஓடியது. மருத்துவமனை, வீட்டு வாடகை, பள்ளிக்கூடம். பிறகு முன்வரிசையில் இருந்த சவரிமுத்து ஐயா கையை உயர்த்தினார். இல்-பிசாரில் மகள் றெஜினாவோடு இருப்பவர். கிழமைக்கு மூன்று தரம் டயலிசிஸுக்குப் போக வேண்டும். அந்தத் தீவில் பஸ் எப்போதாவது ஒன்றுதான் வரும். அவர் தமிழில் கேட்டார், மகள் அதைப் பிரெஞ்சில் சொன்னார். பஸ் கூடுமா இல்லையா, அவ்வளவுதான் கேள்வி. மத்தியூ முதலில் பதில் சொன்னார். பிறகு ஜெசிந்தா சொன்னார். எல்லாரும் கை தட்டினார்கள். நான் இரண்டாவது பற்றீஸில் இருந்தேன்.

விவாதம் முடிந்து தேத்தண்ணி குடிக்கும்போது சனம் என்ன சொன்னது என்பதைக் கவனமாகக் கேளுங்கள். இரண்டு பேரும் பரவாயில்லை. மத்தியூ கொஞ்சம் வேகமாகப் பேசுகிறார். ஜெசிந்தாவுக்கு நல்ல நிதானம். தேத்தண்ணிக்குச் சீனி காணாது. எங்கள் நிகழ்ச்சிக்கு அடிக்கடி தொலைபேசி எடுக்கிற மாலினி அக்கா பின்வரிசையில் எனக்குப் பக்கத்தில்தான் இருந்தார். வீட்டுக்குக் கொஞ்சம் றோல்ஸைச் சுற்றி எடுத்தபடியே, இன்றைக்கு ஜெசிந்தாதான் வென்றுவிட்டா என்று எனக்குத் தீர்ப்புச் சொன்னார். யாரும் திகைத்ததாக ஒருவரும் சொல்லவில்லை.

அன்று பின்னேரமே வீடியோ வந்துவிட்டது.

பத்து விநாடி இருக்குமோ என்னவோ. யாரோ பக்கவாட்டில் இருந்து கைத்தொலைபேசியில் எடுத்தது. ஜெசிந்தாவின் முகமும் மைக்கும் மட்டும்தான் தெரிகிறது. அவர் பேசவில்லை. கீழே பார்க்கிறார், மேலே பார்க்கிறார், திரும்பக் கீழே பார்க்கிறார். யாரோ அதற்கு மணிக்கூடு ஓடும் சத்தம் சேர்த்து, மேலே பிரெஞ்சில் "யாராவது வீட்டில் இருக்கிறீர்களா?" என்று, தலைக்குள் ஆள் இல்லை என்கிற கேலியாக, எழுதியிருந்தார்கள். அவர் வாயைத் திறப்பதற்கு முதல் வீடியோ முடிந்துவிடுகிறது. நானும் சிரித்தேன் என்பதை மறைக்கவில்லை. அந்த மணிக்கூட்டுச் சத்தம் நல்லாகத்தான் பொருந்தியிருந்தது.

கோயில் குழு, ஊர்ச்சங்கக் குழு, பழைய மாணவர் குழு, பட்மின்ரன் குழு என்று எல்லா வட்ஸ்அப்பிலும் அது எனக்கு வந்தது. பட்மின்ரன் குழுவில் அது ஒன்றுதான் அந்த வருடம் வந்த செய்தி. திங்கட்கிழமை காலை அந்தப் பகுதிச் செய்திப் பக்கம் ஒன்று "கேள்விக்கு முன் திகைத்துப்போன வேட்பாளர்" என்று தலைப்புப் போட்டது.

நான் காலை நிகழ்ச்சியில் தொலைபேசியைத் திறந்தேன். முதல் அழைப்பு மாலினி அக்கா.

"அவ திகைச்சுப் போனா தம்பி. கையெல்லாம் நடுங்கினது. நான் முன்னுக்கு இருந்து பாத்தனான்."

முன்னுக்கு இல்லை. எனக்குப் பக்கத்தில், றோல்ஸுக்கு இரண்டு அடி தள்ளி. அந்தத் தூரத்தில் இருந்து கை நடுங்குவதைப் பார்க்க வேண்டுமானால் தொலைநோக்கி வேண்டும். ஆனால் நான் அதைச் சொல்லவில்லை. நான் சொன்னது இது:

"ஓம் அக்கா, நானும் கவனிச்சனான். ஒரு மாதிரித்தான் இருந்தது."

அதற்குப் பிறகு ஒரு புடவைக் கடை விளம்பரம் ஓடியது. அது ஓடும்போதே என்னை நானே கேட்டேன். நான் எதைக் கவனித்தேன்? நான் பற்றீஸைக் கவனித்தேன். ஜெசிந்தாவின் முகத்தை என் மனதில் அவ்வளவு தெளிவாகப் பார்க்க முடிந்தது. ஆனால் அது பக்கவாட்டில் தெரிகிற முகம். நான் மண்டபத்தின் பின்பக்கம் நடுவில் நின்றவன். என் ஞாபகத்துக்குள் இருந்தது வட்ஸ்அப் வீடியோ.

மாலினி அக்கா பொய் சொல்லவில்லை, பிள்ளைகளே. அன்று காலை தொலைபேசி எடுத்த ஒருவரும் பொய் சொல்லவில்லை. எல்லாரும் மண்டபத்தில் இருந்தவர்கள். இருந்தும், தாங்கள் பார்த்ததை விட்டுவிட்டு, தங்களுக்கு அனுப்பப்பட்டதை நினைவு வைத்திருந்தார்கள். அதில் நானும் ஒருவன். எனக்கு மட்டும் மைக் இருந்தது.

நிகழ்ச்சி முடிந்து வெளியே வந்தால் நிமலன் நிற்கிறார். மாலைச் செய்தியில் இதைப் போட வேண்டும் என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை. அவருடைய பயம் எனக்கு விளங்கியது. நாங்கள் மட்டும் போடாமல் விட்டால், தமிழாள் என்றபடியால் மூடி மறைக்கிறோம் என்று சொல்வார்கள். போட்டால், தமிழாளை நாங்களே கவிழ்த்தோம் என்று சொல்வார்கள். முதலாவது பேச்சு அதிக நாள் நிற்கும் என்பது அவருடைய கணக்கு. எனக்கு மாலை வரைக்கும் நேரம் தாருங்கள் என்று கேட்டேன். எதற்கு என்று கேட்டார். தெரியாது என்றேன். அவருடைய முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

முன்வரிசைக் கதிரையில் வைத்த கருவியில் இருந்ததை எடுத்துக் கேட்டேன். சவரிமுத்து ஐயாவின் கேள்வி வருகிறது. மத்தியூவின் பதில் வருகிறது, வேகமான பிரெஞ்சு, கடைசியில் கைதட்டல். இனி அந்த மௌனம் வரவேண்டும். வரவில்லை. அந்த இடத்தில் ஆட்கள் தமிழ் கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்பா, அவர் சொல்லுறார், தான் வெண்டால் ரெண்டு வருசத்துக்குள்ளை எங்கடை பக்கம் பஸ் கூடுமாம். ஆஸ்பத்திரிக்கு நேரை போற பஸ்ஸும் விடுவினமாம்."

"நேரையோ?"

"ஓம், மாறத் தேவையில்லையாம்."

"ஞாயிறும் வருமோ எண்டு கேள்."

"இப்பக் கேக்கேலாது அப்பா."

"சரி. இனி அந்தப் பிள்ளை சொல்லட்டும்."

அதற்குப் பிறகுதான் ஜெசிந்தாவின் குரல் தொடங்குகிறது. நான் அந்த இடத்தில் நிறுத்தினேன். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

விளங்கியதா? மகள் அப்பாவின் காதுக்குள் மத்தியூவின் பதிலை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். ஜெசிந்தா அது முடியும் வரைக்கும் பேசாமல் நின்றார். தன்னை எதிர்த்து நின்றவரின் பதில் அந்த மனிதருக்கு முழுதாகப் போய்ச் சேரட்டும் என்று நின்றார். முன்வரிசைப் பக்கம் இருந்தவர்களின் காதில் அந்தக் குசுகுசுப்பு விழுந்தது. மற்றவர்களுக்கு அது மண்டபத்துச் சத்தத்தில் ஒன்று. அதனால்தான் தேத்தண்ணி நேரத்தில் ஒருவரும் மௌனத்தைப் பற்றிப் பேசவில்லை. வீடியோவில் அந்தச் சத்தம் இல்லை. மணிக்கூடுதான் இருந்தது.

என் கார் அந்த நேரம் பார்த்து கராஜில் இருந்தது. மெட்ரோ, பிறகு பஸ், பிறகு இன்னொரு பஸ், அதற்குப் பிறகு இல்-பிசார் பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு தரிப்பிடத்தில் நீண்ட தியானம். சவரிமுத்து ஐயா ஏன் அந்தக் கேள்வியைக் கேட்டார் என்று எனக்கு அங்கே நின்று ஏப்ரல் குளிர்காற்று வாங்கும்போதுதான் விளங்கியது.

ஜெசிந்தாவுக்கு அன்று வேலை இல்லை. கதவைத் திறந்தவர் என்னைக் கண்டதும், கிருமி கொண்டுவந்த ஆளைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தார். காலையில் நான் சொன்னதைக் கேட்டிருக்கிறார். ஒலிப்பதிவைப் பற்றிச் சொன்னேன். சமையலறையில் இருத்தித் தேத்தண்ணி தந்தார். தான் பேசாமல் காத்து நின்றது மருந்துக்கடைப் பழக்கம் என்றார்.

"பிள்ளை தகப்பனுக்குச் சொல்லேக்கை நாங்கள் இடையிலை கதைக்கக் கூடாது அண்ணை. அரைவாசியிலை வெட்டினால் அந்தாள் காலமை மருந்துக் குளிசையை ராவைக்குப் போடும். தலையாட்டுமட்டும் நிக்கோணும். நான் யோசிச்சுச் செய்யேல்லை."

அப்படியென்றால் இதை மாலைச் செய்தியில் போடுகிறேன் என்றேன். வேண்டாம் என்றார். எனக்குப் பெரிய நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்துப் போனவன், தேத்தண்ணியைக் கீழே வைத்தேன்.

"இப்ப நான் திகைச்சவள். அது ரெண்டு நாளைக்கு. நீங்கள் உதைப் போட்டால், நான் தமிழருக்காக மண்டபத்தையே காக்க வைச்சவள். அது போகாது அண்ணை. பேந்து, அந்த மனிசனை யோசிச்சுப் பாருங்கோ. றெஜினா காலமை அழுதுகொண்டு போன் எடுத்தவள், தன்னாலைதான் எல்லாம் எண்டு."

அவர் சொன்னது எல்லாமே நியாயம்தான். வேட்பாளர் ஒருவர் தனக்கு எது நல்லது என்று நினைக்க உரிமை இருக்கிறது. ஆனால் வாக்களிக்கப் போகிறவர்களும் இருக்கிறார்கள். நடந்தது என்னவென்று என்னிடம் பதிவு இருக்கும்போது, நடக்காததை அவர்கள் நம்பிக்கொண்டு போய் வாக்களிக்க நான் விடலாமா? அதுவும் காலையில் நானே வானொலியில் அதற்குச் சாட்சி சொல்லிவிட்டு? உங்களிடம் அனுமதி கேட்க நான் வரவில்லை, நடந்ததைக் கேட்க வந்தேன் என்று சொன்னேன். சொல்லும்போது எனக்கே குரல் கொஞ்சம் உயர்ந்த பதவியில் இருக்கிறவருடைய குரல் மாதிரிக் கேட்டது. ஆனால் குசுகுசுப்பு வேறு. அது அப்பாவும் மகளும் தங்களுக்குள் கதைத்தது. அதற்கு அவர்களிடம் கேட்டுத்தான் ஆக வேண்டும். இது மட்டும் அன்று நான் சரியாகச் செய்த ஒன்று.

சவரிமுத்து ஐயாவின் வீடு இரண்டு தெரு தள்ளி. றெஜினா முகம் வீங்கி இருந்தார். ஐயாவுக்கு வீடியோவைப் பற்றி ஒன்றும் தெரியாது. மகள் சொல்லாமல் வைத்திருந்தார். நான் இருவருக்கும் முன்னால் எல்லாவற்றையும் சொல்லி, பதிவைப் போட்டுக் காட்டி, இது வானொலியில் போகலாமா, வேண்டாமா, உங்கள் விருப்பம் என்றேன். ஐயா தன் குரலை இரண்டு தரம் கேட்டார். மூன்றாம் தரமும் போடச் சொன்னார்.

"தாராளமாப் போடும். ஆனா தம்பி, நான் வோட்டுப் போடப் போறது அந்தப் பெடியனுக்குத்தான். பஸ் விடுறன் எண்டு சொன்னவர் அவரெல்லே."

றெஜினா அப்பா என்று அதட்டினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஜெசிந்தா வாய்மூடி நின்று மற்றவருக்கு ஒரு வாக்கைச் சேர்த்துக் கொடுத்திருக்கிறாரே என்று. திரும்பி வரும் வழியெல்லாம் நினைத்து நினைத்துச் சிரித்தேன். ஸ்டூடியோவில் நிமலனுக்கும் சொல்லி அவரையும் சிரிக்க வைத்தேன். சவரிமுத்து ஐயா எனக்கு அப்போது ஒரு செய்தியைக் கையில் தந்தார் என்பது எனக்கு விளங்கவில்லை.

மாலைச் செய்தியில் போட்டோம். கேள்வி, மத்தியூவின் பதிலின் கடைசி வரி, குசுகுசுப்பு முழுதாக, ஜெசிந்தா பேசத் தொடங்கும் முதல் சொல். அதோடு வெட்டினோம். நேரம் இல்லை, மீதி தேவையும் இல்லை. முடிவில் நான், காலையில் நானும் கவனித்ததாகச் சொன்னது பிழை, நான் அப்போது பின்பக்கம் சாப்பிட்டுக்கொண்டு நின்றேன் என்றேன். நிமலன் ஸ்டூடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தலையில் கை வைத்தார்.

செவ்வாய் காலை முதல் அழைப்பு மாலினி அக்கா. நான் அப்பவே சொன்னனானெல்லோ, அவ காத்துக்கொண்டு நிண்டவ எண்டு, என்றார். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. அடுத்து எடுத்தவர், ஜெசிந்தா அந்த ஐயாவைப் பார்த்துத் தலை குனிந்து கும்பிட்டதைத் தான் கண்டதாகச் சொன்னார். அதற்கு அடுத்தவர், அந்த நேரம் மண்டபமே கண்கலங்கியது என்றார். புதன்கிழமைக்குள் அது ஒரு பக்திக் கதையாகிவிட்டது. அதே ஆட்கள், அதே மண்டபம், மூன்றாவது ஞாபகம். பிழையான கதையை மாற்றிவிட்டோம் என்று நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

ஜெசிந்தா சொன்னதும் நடந்தது. அதே செய்திப் பக்கம் புதன்கிழமை புதுத் தலைப்புப் போட்டது: ஒரு சமூகத்துக்காக எல்லாரையும் காக்க வைத்தாரா? கேள்விக்குறி போட்டால் எதையும் எழுதலாம் என்று அவர்களுக்கும் தெரியும். அதற்குக் கீழே சண்டை. மொழிபெயர்ப்பு நல்லதா கெட்டதா, இது எந்த நாடு, யார் யாருக்காகக் காத்திருக்க வேண்டும். அந்தக் கிழமை முழுக்க நானும் நிமலனும் அந்தச் சண்டைக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தோம். நல்ல பதில்கள்தான் சொன்னோம்.

ஞாயிற்றுக்கிழமை வாக்களிப்பு. மத்தியூ வென்றார். பெரிய வித்தியாசம் என்று சொல்ல முடியாது. ஜெசிந்தா அவருக்குக் கை கொடுத்து, சிரித்து, ஒரு நல்ல சின்னப் பேச்சுப் பேசினார். மத்தியூவிடம் நான் அந்த மௌனத்தைப் பற்றிக் கேட்டேன். பக்கத்தில் நின்றும் தான் ஒன்றையும் கவனிக்கவில்லை, அடுத்து என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்ததாகவும் சொன்னார். அது நேர்மையான பதில் என்று நினைக்கிறேன்.

வெளியே வாகனத் தரிப்பிடத்தில் ஜெசிந்தா தன் காருக்குள் சுவரொட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார். நான் போய் ஒரு கட்டைத் தூக்கிக் கொடுத்தேன். கவலையாக இருக்கிறது என்று சொன்னேன். உண்மையிலேயே இருந்தது.

"அண்ணை, நான் அண்டைக்கு என்ன பதில் சொன்னனான் எண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

"பஸ்ஸைப் பற்றித்தானே?"

"பஸ்ஸைப் பற்றி என்ன?"

நான் இன்னொரு கட்டைத் தூக்கப் போனேன். ஜெசிந்தா கோபமே இல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை குளிசை போடுகிறீர்கள் என்று கேட்டுவிட்டு, தெரியாமல் முழிக்கிற ஆளை மருந்தாளர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள். பிறகு, பரவாயில்லை அண்ணை, உங்களுக்கு மட்டும் இல்லை, ஒருத்தரும் கேக்கேல்லை என்று சொல்லிவிட்டுக் காரின் பின்கதவை மூடினார்.

நான் ஸ்டூடியோவுக்குப் போய் அந்தப் பதிவை, அன்று நிறுத்திய இடத்தில் இருந்து, முதல் தரமாகக் கேட்டேன்.

பதில் சின்னது, பிரெஞ்சில்தான் சொல்லியிருந்தார். ஐயா, பஸ் ஓட்டுவது மாநகரத்தின் போக்குவரத்துக்காரர். பாராளுமன்றத்துக்குப் போகிறவருக்குப் பஸ் கூட்டுகிற அதிகாரம் இல்லை, அது எனக்கும் இல்லை, பக்கத்தில் நிற்கிற இவருக்கும் இல்லை. வென்றாலும் என்னால் தர முடியாததை இப்போது தருகிறேன் என்று சொல்லக் கூடாது. ஆனால் டயலிசிஸுக்குப் போகிறவர்களை வீட்டு வாசலில் வந்து ஏற்றுகிற வாகனச் சேவை ஏற்கெனவே இருக்கிறது. அதற்கு விண்ணப்பிக்க நாளைக்கே நான் உதவி செய்கிறேன்.

அவ்வளவுதான். விவாதத்தில் உண்மையாக ஒரு விவாதம் நடந்த இடம் அது ஒன்றுதான். ஒருவர் முடியாததைத் தருவதாகச் சொன்னார், மற்றவர் அது முடியாது என்று முகத்துக்கு நேரே சொன்னார். யார் சொன்னது சரி என்பதை ஒரு தொலைபேசி அழைப்பில் நான் கண்டுபிடித்திருக்கலாம். அன்று இரவே போக்குவரத்துக்காரரை அழைத்துக் கேட்டேன். ஜெசிந்தா சொன்னதுதான் சரி.

நான் ஒரு கிழமையாக என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? அந்த வீடியோவைப் போட்டவர், யாரோ முகம் தெரியாத ஆள், எல்லாரும் எதைப் பற்றிப் பேச வேண்டும் என்று தீர்மானித்துவிட்டார்: ஜெசிந்தா ஏன் பேசாமல் நின்றார்? நான் அவருடைய தலைப்புக்குக் கீழே இருந்துகொண்டு சரியான விடை எழுதினேன். விடை சரிதான். அந்தச் செய்திப் பக்கமும் நானும் எதிரெதிர்ப் பக்கம் நின்றோம் என்று நினைத்தேன். நாங்கள் இரண்டு பேரும் ஜெசிந்தா வாயைத் திறக்கிற இடத்தில் வெட்டினோம். உங்களுக்கு இப்படி ஒரு கிழமை வரும்போது, பொய்யைத் திருத்துங்கள், அது எங்கள் வேலை. திருத்திவிட்டு, கேள்வி கேட்ட மனிதருக்கு என்ன பதில் கிடைத்தது என்று ஒருதரம் திரும்பிப் பாருங்கள். அதற்கு இன்னும் இரண்டு நிமிடப் பதிவைக் கேட்டால் போதும். நான் பஸ்ஸிலேயே அதைவிட அதிக நேரம் செலவழித்தேன்.

திங்கட்கிழமை காலை நிகழ்ச்சியில் இரண்டு பதில்களையும் முழுதாகப் போட்டேன், தமிழிலும் சொன்னேன். மாநகரத்தில் விசாரித்து அறிந்ததையும் சொன்னேன். தொலைபேசியைத் திறந்தேன். மாலினி அக்கா எடுக்கவில்லை. ஒருவரும் எடுக்கவில்லை. ஒரு பாட்டுப் போட்டேன், இன்னொரு பாட்டுப் போட்டேன். பிறகு ஒரு அழைப்பு வந்தது. சவரிமுத்து ஐயா.

அந்தப் பிள்ளை சொன்னது மகள் சொல்லித் தனக்கும் விளங்கியதுதான் என்றார். ஆனால் ஒருவர் வரும் என்கிறார், ஒருவர் வராது என்கிறார், எது சரியென்று தனக்கு எப்படித் தெரியும், அதற்குப் பிறகு ஒருவரும் பஸ்ஸைப் பற்றிக் கதைக்கவில்லையே என்றார். வாசலுக்கு வருகிற வாகனத்துக்கு ஜெசிந்தா அந்தக் கிழமையே வந்து எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாராம். தோற்ற பிறகும் தொலைபேசி எடுத்து, பதில் வந்ததா என்று கேட்டாராம். பிறகு, நேரலையில், எல்லாருக்கும் கேட்கத்தக்கதாக, மிகவும் மரியாதையாகக் கேட்டார்:

"இண்டைக்குப் போட்டதை நீர் வோட்டுக்கு முந்திப் போட்டிருக்கலாமே, தம்பி?"